கிளறாத பானையில் ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்படியில் யாரும் பானையைக் கவிழ்த்து ஒவ்வொரு பருக்கையாக நசுக்கிப் பார்ப்பதில்லை. அகப்பையில் நாலு பருக்கை எடுத்து விரலால் அமுக்கினால் போதும், வடிக்கலாமா, இன்னும் ஒரு கொதி வரட்டுமா என்று தெரிந்துவிடும். இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பழமொழி அதைச் சொல்வதில்லை, சமைக்கிறவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்: எடுக்கும் முன் பானையைக் கிளறிவிட வேண்டும். கிளறாத பானையில் அடிச்சோறு குழைந்திருக்கும், மேல்சோறு அரிசியாக நிற்கும். மேலாக எடுத்த பருக்கை மேலே இருப்பதைப் பற்றித்தான் பேசும்.

காடு, கண்மாய், வயல், கடற்கரை எல்லாமே யாரும் கிளறிவிடாத பானைகள். ஈரம் இருக்கும் இடத்தில் கோரை மண்டும். மேட்டில் ஆவாரை நிற்கும். ஆடு படுக்கும் இடத்தில் நெருஞ்சி. நடுவில் ஒன்றுமில்லாத வெறும் கரம்பை. இப்படித் திட்டுத்திட்டாகக் கிடக்கிற ஓர் இடத்தில், எல்லாவற்றையும் எண்ணாமல், ஓர் இனம் எத்தனை இருக்கிறது, மொத்தம் எத்தனை வகை இருக்கின்றன என்று எப்படிச் சொல்கிறார்கள்? வாழிடத்தில் மாதிரி எடுப்பது என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிற இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முழுவதையும் எண்ணவே முடியாதா என்று கேட்கலாம். எண்ணியிருக்கிறார்கள். முதுமலையில் 1988-ல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரின் குழு 50 ஹெக்டேர் காட்டை நிரந்தர ஆய்வுத் திடலாக வரையறுத்தது. மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, இனம் பார்த்து, அடையாளமிட்டது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், சுமார் 70 இனங்கள். பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் இதே 50 ஹெக்டேரில் இதே முறையில் எண்ணியபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், சுமார் 300 இனங்கள். ஒரே அளவு நிலம், ஒரே அளவுகோல் என்பதால்தான் இந்த இரண்டு காடுகளையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. ஆனால் 50 ஹெக்டேர் என்பது அரை சதுர கிலோமீட்டர். முதுமலைப் புலிகள் காப்பகம் மட்டும் 688 சதுர கிலோமீட்டர். இதைப் போல ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட திடல்கள் போட வேண்டும். அதுவும் மரம் என்பதால். மரம் நின்ற இடத்தில் நிற்கும், எண்ணுகிறவரைக் கண்டு ஓடாது.

கண்மாயில் ஒரு சதுரம்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்கள் சிலரோடு சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தேன். பங்குனி வெயில். மடைப்பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கையில் இருந்த கருவி இவ்வளவுதான்: அரை அங்குல பிவிசி குழாய் நான்கு துண்டு, மூலைக்கு ஒரு எல்போ. மாட்டினால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். வகுப்பில் இதைக் குவாட்ரட் என்போம். அதைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கிற செடிகளை இனம் பார்த்து எண்ண வேண்டும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னப்பா, கண்மாய அளந்து பட்டா போடப் போறீகளா?”

“இல்லைய்யா, செடி எண்ணுறோம்.”

“எண்ணி?”

“மொத்தக் கண்மாய்லயும் எத்தனை இருக்குன்னு கணக்குப் போடணும்.”

“இம்புட்டுக் கட்டத்த வச்சா?”

அவர் சிரித்ததில் தப்பில்லை. இந்த முறையின் உயிர்நாடியான சந்தேகத்தை அவர் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டார். அன்று எங்களுக்குச் சிக்கல் வந்தது அதற்கடுத்த கட்டத்தில்தான். சதுரத்தை எங்கே வைப்பது?

மாணவர்கள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பச்சையாகத் தெரிந்த இடமாகப் பார்த்து வைத்தார்கள். பிறகு, தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொன்னதும், முதுகைத் திருப்பிக்கொண்டு தோளுக்கு மேலே வீசினார்கள். பல கல்லூரிகளில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க நேர்மையாகத் தெரியும். ஆனால் வீசுகிறவனுக்கு முள்ளுப் பக்கம் எது என்று தெரியும். சேற்றில் விழுந்தால் தானே போய் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். கை அந்தப் பக்கம் போகவே போகாது. எப்படி வீசினாலும் நின்ற இடத்திலிருந்து ஏழெட்டு மீட்டருக்குள்தான் விழும். போதாக்குறைக்கு, பின்னால் நிற்பவன் மண்டையும் உடையும்.

சரியான வழி கொஞ்சம் அலுப்பானது. கண்மாயின் ஓர் ஓரத்தில் ஒரு நீள டேப், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. செல்போனில் இரண்டு எண்களைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். 34, 12 என்று வந்தால் இந்த டேப்பில் 34 மீட்டர், அந்தப் பக்கம் 12 மீட்டர் நடந்து, கால் நின்ற இடத்தில் சதுரத்தை வைக்க வேண்டும். அங்கே என்ன இருந்தாலும் சரி.

“சார், இங்க ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கட்டுமா?”

வெடித்த கரம்பை மண், ஒரு காய்ந்த ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான் அந்தச் சதுரத்தில். தள்ளிப் போடக் கூடாது. பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றுச் சதுரத்தைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் கண்மாயில் இல்லாத செடிகளை நாமே நட்டுக்கொண்டிருக்கிறோம். களத்தில் நான் பார்த்த தப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

கண் நம்மை ஏமாற்றும் என்பது பழைய பாடம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளில் ராஸ்கோ பவுண்ட், ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் எந்தச் செடி அதிகம், எது குறைவு என்று கண்ணால் பார்த்தே எழுதிவந்தார்கள். பிறகு நிலத்தில் சதுரங்கள் வரைந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, தாங்கள் எழுதியது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. உயரமாக, பூத்துக் கண்ணில் அடிக்கிற செடி அதிகமாக இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. தரையோடு கிடக்கிற செடி கணக்கிலேயே வரவில்லை. 1898-ல் அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் குவாட்ரட் எண்ணிக்கை தாவரவியலில் நிலையான முறையானது. வக்கீலாகவும் இருந்த பவுண்ட் பின்னாளில் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரானார் என்பது உபரித் தகவல்.

சதுரத்துக்குள் எண்ணும்போது சின்னச் சின்னத் தகராறுகள் வரும். பாதிச் செடி உள்ளே, பாதி வெளியே என்றால்? முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, இடது, கீழ் விளிம்புகளில் வேர் பட்டால் உள்ளே, மற்ற இரண்டு விளிம்புகளில் பட்டால் வெளியே. அருகம்புல்லை எப்படி எண்ணுவது? எண்ண முடியாது, கொடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியாது. அதற்கு எண்ணிக்கைக்குப் பதிலாகப் பரப்பு: சதுரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று எழுதுவோம். சதுரத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி நூறு கட்டங்களாகப் பிரித்துவைத்தால் இது எளிது.

இனிக் கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று பத்துச் சதுரங்கள், ஒரே ஒரு செடி, தும்பை என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தவை: 4, 3, 5, 3, 4, 4, 3, 4, 3, 4. மொத்தம் 37. சதுர மீட்டருக்குச் சராசரி 3.7. கண்மாய் 2 ஹெக்டேர், அதாவது 20,000 சதுர மீட்டர் என்றால் 74,000 தும்பை. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை.

இப்போது இன்னொரு கண்மாய். பத்துச் சதுரங்களில் 0, 0, 0, 1, 0, 0, 12, 0, 24, 0. இதுவும் 37 தான். சராசரி அதே 3.7, விடை அதே 74,000. ஆனால் இந்த இரண்டாவது விடையை நான் நம்ப மாட்டேன். அந்த 24 வந்த சதுரம் ரெண்டு மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் விடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அதனால்தான் சராசரியோடு நிறுத்தாமல், சதுரத்துக்குச் சதுரம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘74,000’ என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால் அது பாதி விடை. ‘இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்’ என்று சொன்னால்தான் முழு விடை. கூடுதல் சதுரங்கள் போட்டால் இந்த இடைவெளி குறுகும், ஆனால் கஞ்சத்தனமாகத்தான் குறுகும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு சதுரங்கள் வேண்டும். பத்துப் போட்ட இடத்தில் நாற்பது.

வெயிலில் நாற்பது போடுவதைவிட மூளையைப் பயன்படுத்துவது மேல். கண்மாயில் எந்தப் பகுதி எப்படி என்று பார்த்தாலே தெரிகிறது: கரை, நீரோரம், காய்ந்த உள்வாய். மூன்றையும் தனித்தனிப் பானையாக நினைத்து, ஒவ்வொன்றிலும் குருட்டாம்போக்கில் சில சதுரங்கள் வைத்து, கடைசியில் அந்தந்தப் பரப்புக்கு ஏற்பக் கூட்டினால், அதே பத்துச் சதுரங்களில் நம்பத்தகுந்த விடை வரும். மொத்தம் எத்தனை என்பதைவிட ஈரத்திலிருந்து மேட்டுக்குப் போகப் போக என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி என்றால், நீரோரத்திலிருந்து கரை உச்சி வரை ஒரு கயிற்றைக் கட்டி, அதன் வழியே சம தூரத்தில் சதுரங்கள் வைத்துக்கொண்டே போகலாம். இதற்கு டிரான்செக்ட் என்று பெயர்.

நம் விவசாயிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. நெல்லில் புகையான் என்ற பூச்சி விழுந்திருக்கிறதா, மருந்தடிக்க வேண்டுமா என்பதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கே மாதிரிக் கணக்குதான்: தூருக்கு ஒரு பூச்சி வந்தால் மருந்து. ஆனால் பல தூர்கள் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும். பூச்சியை மட்டும் எண்ணாமல் அதைத் தின்பதையும் சேர்த்து எண்ணுகிற இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தால் பலிக்காது. புகையான் வயலின் உள்ளே, தண்ணீர் தேங்கிப் பயிர் அடர்ந்த இடத்தில், தூரின் அடியில்தான் உட்காரும். வட்டவட்டமாகத் தீய்ந்த பிறகுதான் வரப்புக்குத் தெரியும். அதனால் வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்து, இடம்விட்டு இடம் குத்துகளை விலக்கிப் பார்க்க வேண்டும்.

ஓடுகிறவற்றை எண்ணுவது

செடி உட்கார்ந்திருக்கும். மீன், எலி, ஆமை, வண்ணத்துப்பூச்சி? சதுரத்தை வைப்பதற்குள் போய்விடும். இங்கே வேறொரு தந்திரம். அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு பையில் புளியங்கொட்டைகளை எண்ணாமல் கொட்டிக்கொள்ளுங்கள். அதில் 50 கொட்டைகளை எடுத்து நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது கண்ணை மூடி 60 கொட்டைகளை எடுங்கள். அதில் 12-ல் பொட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு பொட்டு வைத்தவை. அப்படியானால் பை முழுக்கவும் ஐந்தில் ஒரு பங்குதான் பொட்டு வைத்தவையாக இருக்கும். பொட்டு வைத்தது மொத்தம் 50. ஆக, பையில் 250. பெருக்கல் கணக்காக எழுதினால் 50 × 60 ÷ 12.

டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் யோஹன்னஸ் பீட்டர்சன் 1896-ல் தட்டை மீன்களுக்கு அடையாளம் போட்டுக் கடலில் விட்டு இந்த வழியைத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவில் ஃபிரெடெரிக் லிங்கன் 1930-ல் இதே கணக்கை வாத்துகளுக்குப் போட்டார்: காலில் வளையம் மாட்டிய வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்கள் கையில் சிக்கித் திரும்பி வருகின்றன என்று பார்த்தார். அதனால் லிங்கன்–பீட்டர்சன் முறை என்று பெயர்.

கணக்கு குழந்தைக்கும் புரியும். களத்தில் சறுக்குவது நிபந்தனைகளில். பொட்டு அழியக் கூடாது. இரண்டு தடவை பிடிப்பதற்கு இடையில் புதிதாக எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. குலுக்கிய பை போல எல்லாம் கலந்திருக்க வேண்டும். அடையாளம் போட்டதால் அந்த உயிர் எளிதாகச் சாகவோ எளிதாகச் சிக்கவோ கூடாது. எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டு வைக்கிறீர்கள். ஒருமுறை வந்த எலி, கருவாட்டுக்காக மறுநாளும் அதே பொறிக்கு வரும். பொட்டு வைத்தவையே திரும்பத் திரும்பச் சிக்கினால் விடை உண்மையைவிடக் குறைவாக வரும். மாறாக, ஒருமுறை பட்ட எலி பயந்து பொறிப் பக்கமே வரவில்லை என்றால் விடை ஊதிப்போகும். புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. எலிக்கு உண்டு.

எல்லா உயிருக்கும் நாம் பொட்டு வைக்க வேண்டியதில்லை. புலிக்கு அது பிறக்கும்போதே இருக்கிறது. இரண்டு புலிகளின் வரி ஒன்றுபோல இருக்காது. நம் கைரேகை மாதிரி.

இந்தியாவில் பல பத்தாண்டுகள் புலிக் கணக்கு என்றால் காலடித் தடம்தான். வனப் பணியாளர்கள் நாடு முழுக்க ஒரே வாரத்தில் தடங்களைத் தேடி, கண்ணாடி வைத்து வரைந்து, அச்செடுத்து, இது இந்தப் புலி, அது அந்தப் புலி என்று பிரிப்பார்கள். ஒரே புலியின் தடம் ஈர மணலில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும் என்பது ஒரு சிக்கல். பெரிய சிக்கல், கண்ட தடங்களே எல்லாத் தடங்களும் என்று இந்த முறை நம்பியதுதான். மாதிரி என்ற எண்ணமே அதில் இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005 வாக்கில் காட்டில் ஒன்றுகூட இல்லை என்று உறுதியானது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1995-ல், கர்நாடகத்தின் நாகரஹொளேயில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் தானியங்கிக் கேமராக்களில் விழுந்த வரிகளை வைத்துப் புளியங்கொட்டைக் கணக்கைப் புலிக்குப் போட்டுக் காட்டியிருந்தார். முதல் படம் பொட்டு வைப்பது, அடுத்த படம் மறுபடி பிடிப்பது. புலியைத் தொடவே வேண்டாம்.

2006 முதல் நாடு தழுவிய கணிப்பு இந்த வழிக்கு மாறியது. முதல் விடை 1,411. பழைய கணக்குகளோடு ஒப்பிட்டவர்களுக்கு அதிர்ச்சி. 2022 கணிப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்தார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட 3,080 தனித்தனிப் புலிகள் படத்தில் விழுந்தன. நாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சராசரி எண்ணோ 3,682. மேல் வரம்பு 3,925. படத்தில் விழாத அந்த அறுநூறு புலிகளை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. பார்த்தவை எத்தனை தடவை திரும்பச் சிக்கின, கேமரா வைக்காத காட்டில் தடமும் எச்சமும் இரையும் எப்படி இருக்கின்றன என்பதிலிருந்து பார்க்காதவற்றைக் கணித்திருக்கிறார்கள். ‘அதெப்படி பார்க்காததை எண்ணுவது, ஏமாற்று வேலை’ என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால்தான் ஏமாற்றம். ஏனென்றால் எந்தக் காட்டிலும் எல்லாம் கண்ணில் படுவதில்லை.

யானைக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் அது போட்டுவிட்டுப் போகிறது. லத்தியை எண்ணி யானையைக் கணிப்பதும் முறையான வழிதான். காட்டில் நேர்கோட்டில் நடந்து, இரண்டு பக்கமும் கண்ட லத்திகளையும் கோட்டிலிருந்து அவை இருந்த தூரத்தையும் குறித்துக்கொண்டு வருவார்கள். தூரம் எதற்கு? கோட்டின் மேலேயே கிடப்பது தப்பாமல் கண்ணில் படும், பத்து மீட்டர் தள்ளிப் புதருக்குள் கிடப்பது படாது. தூரம் கூடக் கூட எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் எத்தனையைத் தவறவிட்டோம் என்று தெரியும். பிறகு இரண்டு விவரங்கள் வேண்டும். ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை போடும்? முதுமலையில் பார்த்து எடுத்த கணக்கு சுமார் 16. ஒரு லத்தி எத்தனை நாள் அடையாளம் தெரிகிறபடி கிடக்கும்? இது மழையையும் சாணவண்டையும் பொறுத்தது. கணக்குக்காக 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். சதுர கிலோமீட்டருக்கு 2,000 லத்தி இருந்தால், 2,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 1.25 யானை. லத்தி 100 நாளுக்குப் பதில் மழையில் 50 நாளில் கரைந்துவிடும் என்றால் அதே 2,000 லத்திக்கு 2.5 யானை. காட்டில் ஒரு யானையும் கூடவில்லை, நம் அனுமானம்தான் மாறியது. இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது அடியில் என்ன அனுமானம் கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பது நல்லது.

வரையாட்டுக்கு இன்னொரு வழி. தமிழ்நாட்டின் மாநில விலங்கு பாறைச் சரிவில் நிற்கும், கேமராவை எங்கே கட்டுவது? இரண்டு பேர் ஒரே பாதையில் நேர இடைவெளி விட்டு, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் போய், தனித்தனியே கண்ட மந்தைகளைக் குறிப்பார்கள். முதல் ஆள் கண்டது பொட்டு வைத்தவை, இரண்டாம் ஆளும் கண்டது மறுபடி சிக்கியவை. மறுபடியும் புளியங்கொட்டைதான். இரட்டைப் பார்வையாளர் முறை என்பது இதன் பெயர். 2024-ல் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் என்றார்கள், 2025-ல் 1,303. உடனே கை தட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு வருடமும் அதே இடங்களில், அதே ஆட்பலத்தோடு, அதே பருவத்தில் தேடினார்களா? தேடிய இடம் கூடினாலும் எண்ணிக்கை கூடும். இது எந்தக் கணக்கெடுப்புக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

பூச்சிகளுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. பிளாஸ்டிக் டம்ளரைத் தரை மட்டத்துக்குப் புதைத்தால் இரவில் வண்டும் சிலந்தியும் விழும். விளக்குப்பொறியில் அந்துப்பூச்சி விழும். ஆனால் டம்ளரில் விழுவது எத்தனை இருக்கின்றன என்பதை மட்டும் காட்டாது, எவை அதிகம் நடமாடுகின்றன என்பதையும் கலந்தே காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எத்தனை வகை?

எண்ணிக்கை ஒரு கேள்வி. பல்லுயிர் வளம் வேறு கேள்வி. இரண்டு தரிசுகள். இரண்டிலும் நூறு செடிகள், ஐந்து இனங்கள். முதலாவதில் ஒவ்வொரு இனமும் 20. இரண்டாவதில் 96 பார்த்தீனியம், மீதி நாலும் ஆளுக்கு ஒன்று. ஐந்து இனம் என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றில்லை என்று நடந்து போகிறவனுக்கே தெரியும்.

இதை எண்ணாக்க 1949-ல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் சொன்ன வழி சுலபம். கண்ணை மூடி இரண்டு செடிகளைப் பிடுங்கினால், அவை வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். முதல் தரிசில் ஒவ்வொரு பங்கும் 0.2, அதன் வர்க்கம் 0.04, ஐந்தும் சேர்ந்து 0.2. ஒன்றிலிருந்து கழித்தால் 0.8. இரண்டாவதில் 0.96-ன் வர்க்கமே 0.9216, மற்ற நாலும் சேர்த்து 0.922. கழித்தால் 0.078. நூற்றுக்கு எண்பது ஒரு பக்கம், நூற்றுக்கு எட்டு மறுபக்கம். கண் சொன்னதை எண்ணும் சொல்லிவிட்டது.

சிம்ப்சன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் ரகசியச் சங்கேதங்களை உடைத்தவர்களில் ஒருவர். அங்கேதான் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கும், அவருடன் வேலை பார்த்த ஐ. ஜே. குட்டும் வேறொரு கணக்கைக் கண்டார்கள்: கையில் இருக்கும் மாதிரியில் ஒரே ஒரு முறை மட்டும் வந்தவை எத்தனை என்று பார்த்தால், இன்னும் வராமலே இருப்பவை எவ்வளவு என்று ஊகிக்கலாம். குட் இதை 1953-ல் வெளியிட்டார்.

சங்கேதத்துக்குக் கண்ட கணக்கு செடிக்கும் பொருந்தும். கண்மாயில் சதுரங்களைப் போடப் போட, புதுப்புது இனங்கள் வந்துகொண்டே இருக்கும். முதல் சதுரத்தில் ஐந்து, இரண்டாவதில் புதிதாக மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. இதைக் கோடாக வரைந்தால் முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு தட்டையாகும். தட்டையாவதற்கு முன் நிறுத்தினால் இன்னும் பார்க்காத இனங்கள் பாக்கி. எத்தனை பாக்கி? 1984-ல் தைவானின் புள்ளியியலாளர் ஆன் சாவோ கொடுத்த வழி: ஒரே ஒரு செடியாக மட்டும் கிடைத்த இனங்கள் எத்தனை, இரண்டே செடிகளாகக் கிடைத்த இனங்கள் எத்தனை என்று பாருங்கள். முந்தையதன் வர்க்கத்தைப் பிந்தையதன் இரு மடங்கால் வகுங்கள். உதாரணத்துக்கு, கண்டது 24 இனம், ஒற்றையாகக் கிடைத்தவை 6, இரட்டையாகக் கிடைத்தவை 3 என்றால், 36-ஐ 6-ஆல் வகுக்க 6. ஆக, குறைந்தது 30 இனங்களாவது இருக்க வேண்டும். ஒற்றையாக எதுவுமே இல்லை, எல்லாம் பலமுறை வந்துவிட்டன என்றால் பாக்கி பூஜ்யம். எல்லாமே ஒற்றை என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். கல்யாண வீட்டு வாசலில் நின்று உள்ளே போகிற முகங்களைப் பார்ப்பது போலத்தான். பார்த்த முகங்களே திரும்பத் திரும்ப வந்தால் சொந்தம் முடிந்துவிட்டது. புதுமுகமாகவே வந்துகொண்டிருந்தால் இலை இன்னும் நிறைய வேண்டும்.

அன்று கண்மாயில் மத்தியானம் வரை போட்டோம். எண்ணி முடித்து, பெயர் தெரியாதவற்றை நாளிதழ்த் தாளுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு கிளம்பும்போது, ஆட்டுக்காரப் பெரியவரிடம் மாணவி ஒருத்தி பட்டியலை வாசித்துக் காட்டினாள். நெருஞ்சி, தும்பை, நாயுருவி, குப்பைமேனி, பொடுதலை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும் கேட்டார்.

“கரிசலாங்கண்ணி எங்கத்தா?”

“இல்லையே தாத்தா. எந்தக் கட்டத்துலயும் வரல.”

“இப்ப எப்படி வரும்? ஐப்பசி மழை பேஞ்சு தண்ணி வத்தையில வந்து பாரு. அந்த மடையோரம் பூராம் அதுதேன்.”

கல்லூரிக்குத் திரும்பி விவரங்களைச் சேர்க்க உட்கார்ந்தோம். ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் தேதிக்கு என்று ஒரு கட்டம் அச்சிட்டிருந்தோம். பாதித் தாள்களில் அது காலியாகக் கிடந்தது.